கேட்கத் தெரிந்தால் போதுமா?

நோயாளி ஒருவர் மருத்துவரிடம் சென்று, "எனக்கு இன்ன மாத்திரையை எழுதிக் கொடுங்கள்" என்று கேட்டால் மருத்துவர் என்ன செய்வார்? "உடம்புக்கு என்ன செய்கிறது? எத்தனை நாளாக?" என்றுதான் முதலில் வினவுவார். கணிப்பொறி பழுதுபடும்போது நம்மில் பலர் அந்த நோயாளியைப் போலவே நடந்துகொள்கிறோம். கண்ணால் கண்டதைச் சொல்வதில்லை. நாமாக ஊகித்துக்கொண்ட மருந்தைக் கேட்கிறோம்.

இக்குறையைப் போக்குவதற்கென்றே ஆங்கிலத்தில் இரண்டு கட்டுரைகள் உள்ளன. ஒன்று, இங்கிலாந்தைச் சேர்ந்த சைமன் டாத்தம் 1999-ல் எழுதியது. மென்பொருளில் காணும் பிழையைப் பயன்படும் வகையில் தெரிவிப்பது எப்படி என்பது அதன் பொருள். மற்றொன்று, அமெரிக்கரான எரிக் ரேமண்ட் 2001-ல் வெளியிட்டது. ரிக் மோயன் அதன் இணையாசிரியர். தொழில்நுட்ப ஐயங்களை அறிவார்ந்த முறையில் வினவுவது எப்படி என்று அது கூறுகிறது. கணிப்பொறித் துறையில் இவ்விரண்டுக்கும் நல்ல மதிப்பு உண்டு. புதிதாக வருபவரிடம், "முதலில் இதைப் படித்துவிட்டு வாருங்கள்" என்று நீட்டப்படுபவை இவையே. தமிழ் வழியில் பயின்ற நம் மாணவர்களுக்கு இவை எந்த அளவுக்கு உதவும் என்பதை இங்கே ஆராய்வோம்.

முதலில் இக்கட்டுரைகள் பிறந்த சூழலைப் பற்றி ஒரு சொல். கணிப்பொறி பயன்படுத்துவோர் சங்கங்கள் புதியவை அல்ல. 1955-லேயே ஐ.பி.எம். 704 என்னும் பெரிய கணிப்பொறியைப் பயன்படுத்தியோர் அமெரிக்காவில் 'ஷேர்' என்ற சங்கத்தை அமைத்தனர். 1975 மார்ச் 5 அன்று கலிபோர்னியாவின் மென்லோ பார்க்கில், கார்டன் பிரெஞ்ச் என்பவர் வீட்டுக் கார் கொட்டகையில் சுமார் முப்பது பேர் கூடினர். 'ஹோம்பிரூ' கணிப்பொறிக் கழகம் அவ்வாறு தோன்றியது. இத்தகைய சங்கங்களில் தெரிந்தவர் தெரியாதவருக்குச் சொல்லித் தருவார். அதற்குச் சம்பளம் கிடையாது. நானும் அப்படிப்பட்ட ஒரு சிறு சங்கத்தில் ஞாயிற்றுக்கிழமைகளில் தொண்டாற்றி வருகிறேன். ஆகவே இது எனக்கு ஏட்டளவில் நின்றுவிடும் பொருள் அன்று.

டாத்தம் தாமே நிரல் எழுதுபவர். தொலைவிலுள்ள கணிப்பொறியுடன் பாதுகாப்பாகத் தொடர்புகொள்ள உதவும் 'புட்டி' என்னும் இலவச மென்பொருளை உருவாக்கியவர். அவருடைய கட்டுரையின் சாரம் எளியது. பழுதைத் தெரிவிப்பதன் முதல் நோக்கம், அந்தப் பழுதை மற்றவரும் தம் கண்ணால் காணச் செய்வதே. நேரில் காட்ட இயலாவிட்டால், அவர் தம் இடத்திலேயே அதை நிகழ்த்திப் பார்க்கும் அளவுக்கு விவரம் தரவேண்டும். என்ன செய்தீர்கள், என்ன நிகழும் என்று எதிர்பார்த்தீர்கள், உண்மையில் என்ன நிகழ்ந்தது ஆகிய மூன்றையும் சொல்லுங்கள். திரையில் தோன்றிய பிழைச் செய்தியை எண்களுடன் அப்படியே எழுதுங்கள். உங்கள் ஊகத்தையும் சொல்லலாம். ஆனால் கண்டதை விட்டுவிட்டு ஊகத்தை மட்டும் சொல்லாதீர்கள். இவையே அவர் கூறும் அறிவுரைகள். எதிர்பாராதது நிகழ்ந்தால் கண்ட பொத்தானையெல்லாம் அழுத்தாமல், மானைப் போல அசையாமல் நின்று கவனிக்க வேண்டும் என்று அவர் சொல்வது நமக்கு எளிதில் விளங்கும் உவமை.

இவற்றைப் படித்தபோது எனக்குச் செய்முறை வகுப்பு நினைவுக்கு வந்தது. தனி ஊசல் சோதனையில் ஒரு மாணவர் அளவீடுகள் எதையும் எழுதாமல், புவியீர்ப்பு முடுக்கம் 9.8 என்று முடிவை மட்டும் எழுதித் தந்தால் நாம் ஏற்பதில்லை. முடிவு தவறாக இருந்தால் தவறு எந்தப் படியில் நேர்ந்தது என்று கண்டுபிடிக்க வழியில்லை அல்லவா? உதவி கேட்பதும் ஒரு செய்முறைப் பதிவேடுதான். அளவீடு இருந்தால் பிழையைத் தேடலாம். இல்லாவிட்டால் இருட்டில் துழாவ வேண்டியதுதான். டாத்தத்தின் கட்டுரை கணிப்பொறிக்காக எழுதப்பட்டதே எனினும், அது கற்பிப்பது அறிவியலின் முதல் பாடத்தை.

அளவீட்டின் அருமையை எனக்கு உணர்த்திய நிகழ்ச்சி ஒன்றைச் சொல்கிறேன். சில ஆண்டுகளுக்கு முன் டிப்ளமோ படிக்கும் மாணவர் ஒருவர் எங்கள் சங்கத்துக்கு வந்தார். பள்ளிப் படிப்பைத் தமிழ் வழியில் முடித்தவர். தம் பழைய கணிப்பொறியில் விண்டோசுடன் லினக்சையும் நிறுவியிருந்தார். "சார், கணிப்பொறிக் கடிகாரத்தின் பாட்டரி தீர்ந்துவிட்டது. என்ன பாட்டரி வாங்க வேண்டும்?" என்று கேட்டார். நானும் பாட்டரியின் பெயரைச் சொல்லி அனுப்பினேன். இரண்டு வாரம் கழித்து மீண்டும் வந்தார். "புது பாட்டரி போட்டும் நேரம் தப்பாகவே காட்டுகிறது, சார்" என்றார். அன்று ஏழெட்டுப் பேர் தங்கள் கணிப்பொறிகளுடன் காத்திருந்தனர். நான் தலையை நிமிர்த்தாமலே, "கையேட்டில் எல்லாம் இருக்கிறது, தம்பி. படித்துப் பாருங்கள்" என்று சொல்லிவிட்டேன். கையேடு ஆங்கிலத்தில் இருந்தது. அவர் சிறிது நேரம் நின்றார், பிறகு போய்விட்டார். அதன்பின் அவர் வரவே இல்லை.

சில மாதங்களுக்குப் பின் வேறொருவரின் கணிப்பொறியை நான் பார்க்க நேர்ந்தது. காலை பத்து மணிக்கு அது நாலரை என்று காட்டியது. வித்தியாசம் ஐந்தரை மணி! உடனே விஷயம் விளங்கிவிட்டது. கணிப்பொறியின் தாய்ப்பலகையில், மின்சாரம் இல்லாதபோதும் பாட்டரியால் ஓடும் கடிகாரம் ஒன்று உண்டு. லினக்ஸ் வழக்கமாக அதில் உலகப் பொது நேரத்தைப் பதிந்து வைக்கும். இந்திய நேரத்தைக் காட்ட ஐந்தரை மணியைக் கூட்டிக்கொள்ளும். விண்டோசோ கடிகாரத்தில் இருப்பதே உள்ளூர் நேரம் என்று எடுத்துக்கொள்ளும். ஆகவே லினக்சுக்குப் பின் விண்டோசைத் திறந்தால் நேரம் ஐந்தரை மணி பின்தங்கிக் காட்டும். அங்கே பத்து மணி என்று திருத்திவிட்டு லினக்சுக்குச் சென்றால், இப்போது பிற்பகல் மூன்றரை என்று முந்திக் காட்டும். இணையத் தொடர்பு இருந்தால் நேரம் தானாகவே திருந்தக்கூடும். அந்த மாணவர் வீட்டில் அது இல்லை.

பாட்டரி தீர்ந்திருந்தால் இப்படி நிகழாது. மின்சாரத்தை நிறுத்தும்போதெல்லாம் கடிகாரம் நேரத்தை இழந்து ஏதோ ஒரு பழைய தேதிக்குப் போய்விடும். மாறாத வித்தியாசம் என்றால் அது வேறு வகைப் பிழை. திருகு அளவியில் சுழிப்பிழை என்று படிக்கிறோமே, அதைப் போன்றது. இரண்டு இயங்கு தளங்களும் ஒரே வழக்கத்தைப் பின்பற்றுமாறு ஒரு சிறு மாற்றம் செய்தால் தீர்ந்தது. "ஐந்தரை மணி வித்தியாசம்" என்ற சொற்களிலேயே விடை இருந்தது. அந்தச் சொற்களை அம்மாணவர் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

இதில் யார் மீது தவறு? டாத்தத்தின் கட்டுரையை வைத்துப் பார்த்தால், நோய்க்குறியைச் சொல்லாமல் மருந்தைக் கேட்ட மாணவர் மீதுதான். அது உண்மையே, ஆனால் பாதி உண்மை. "கடிகாரம் எவ்வளவு தப்பாகக் காட்டுகிறது?" என்ற ஒரே கேள்வியை நான் கேட்டிருக்கலாம். எதை அளப்பது என்று புதியவருக்குத் தெரியாது. அது தெரிந்திருந்தால் அவர் உதவி கேட்டு வரவேண்டிய தேவையே பெரும்பாலும் இராது. செய்முறை வகுப்பில் முதல் நாளே மாணவர் பிழையின்றி அளவெடுக்க வேண்டும் என்று எந்த ஆசிரியரும் எதிர்பார்ப்பதில்லை. டாத்தத்தின் கட்டுரையில் நான் காணும் ஒரே குறை இதுதான். அது கேட்பவருக்கு மட்டுமே பாடம் நடத்துகிறது.

இனி ரேமண்டின் கட்டுரைக்கு வருவோம். இது அளவில் பெரியது. இதிலும் நல்ல அறிவுரைகள் பல உள்ளன. கேட்குமுன் நீங்களே தேடிப் பாருங்கள்; சிறு சோதனைகள் செய்து பாருங்கள்; அப்படிச் செய்தவற்றையும் சொல்லுங்கள். இடையிலுள்ள ஒரு படியை மட்டும் கேட்காமல் உங்கள் இறுதி நோக்கத்தைச் சொல்லுங்கள். பழுது நீங்கியதும் எப்படி நீங்கியது என்று ஒரு வரி தெரிவியுங்கள். இக்கடைசி அறிவுரையை நான் பெரிதும் மதிக்கிறேன். அடுத்து அதே பழுதுடன் வருபவருக்கு அந்த ஒரு வரி வழிகாட்டும்.

ஆனால் இக்கட்டுரை முழுவதும் ஒரு கண்டிப்பான குரல் கேட்கிறது. உதவுவோர் ஊதியமின்றித் தம் நேரத்தைத் தருகிறார்கள். ஆகவே அதற்குத் தகுதியானவர் என்று கேட்பவர் மெய்ப்பிக்க வேண்டும் என்பதே அதன் தொனி. தொண்டரின் நேரம் அருமையானது என்பதை நான் மறுக்கவில்லை. தாமே சிறிதும் முயலாமல், "செய்து கொடுங்கள்" என்று வந்து நிற்பவர்களை நானும் பார்த்திருக்கிறேன். எனினும், கூச்சத்தை உதறிவிட்டு இரண்டு பஸ் மாறி வருகிறாரே ஒருவர், அவருடைய நேரத்துக்கும் விலை உண்டு அல்லவா?

மொழியைப் பற்றி ரேமண்ட் கூறுவதையும் நான் முழுமையாக ஏற்க இயலவில்லை. கவனமின்றி எழுதுபவர்கள் பெரும்பாலும் சிந்தனையிலும் கவனமற்றவர்களே என்கிறார். பிறமொழியில் எழுதுபவரின் எழுத்துப் பிழைகளை ஓரளவு பொறுத்துக்கொள்ளலாம் என்றும் சேர்த்துச் சொல்கிறார். அவரைக் குறை கூறும்போது அதை மறைப்பது நேர்மையாகாது. ஆயினும் அவருடைய அளவுகோல் நம் வகுப்பறைகளில் பொய்த்துவிடுகிறது. ஆங்கிலத்தில் நான்கு வரி எழுதத் திணறும் மாணவர், ஊசலின் இருபது அலைவுகளை ஒன்றுகூடத் தவறாமல் எண்ணி நேரம் குறிப்பதை நான் ஆண்டுதோறும் காண்கிறேன். மொழியில் தடுமாறுபவருக்கு நோக்கும் திறன் இல்லை என்று முடிவு கட்டுவது, அளவெடுக்காமலே விடை எழுதுவதற்கு ஒப்பாகும்.

இக்கட்டுரையின் இறுதியில், விடை சொல்பவர்களுக்கும் ஒரு சிறு பகுதி உள்ளது. மென்மையாகப் பேசுங்கள், சங்கடத்தில் இருப்பவர் மூடரைப் போலத் தோன்றக்கூடும், உறுதியாகத் தெரியாவிட்டால் தெரியாது என்று சொல்லுங்கள், விவரங்களை வெளிக்கொணரும் கேள்விகளைக் கேளுங்கள் என்கிறது அது. அந்த மாணவர் வந்த நாளில் நான் செய்யத் தவறியது இதைத்தான். கட்டுரையின் மிகச் சிறந்த பகுதி இதுவே என்பது என் கருத்து. இது கடைசியில், சுருக்கமாக வைக்கப்பட்டிருப்பதுதான் குறை. பிறரிடம் இக்கட்டுரையை நீட்டும் தொண்டர்கள் அந்தக் கடைசிப் பகுதி வரை படிப்பதில்லை. நானும் முதல் தடவை படிக்கவில்லை.

முன்பு சொன்ன ஹோம்பிரூ கழகத்தில் ஒரு நல்ல வழக்கம் இருந்தது. கூட்டத்தை நடத்திய லீ பெல்சன்ஸ்டைன், தொடக்கத்தில் ஒவ்வொருவராக எழுந்து, தம்மிடம் என்ன இருக்கிறது, தமக்கு என்ன வேண்டும் என்று சுருக்கமாகச் சொல்லச் செய்வார். பிறகு எல்லாரும் கலைந்து, தமக்கு வேண்டியவரைத் தேடிச் சென்று பேசுவர். கேட்பது அங்கே கூட்ட நடவடிக்கைகளில் ஒன்றாக இருந்ததால் யாரும் கூச வேண்டியதில்லை. எங்கள் சங்கத்தில் இப்போது இதைப் பின்பற்றி, முதல் அரை மணி நேரத்தைக் கேள்விகளுக்கென்றே ஒதுக்குகிறோம். வருபவர் கையில் ஒரு தாளைக் கொடுக்கிறோம். அதில் நான்கு கேள்விகள் தமிழில் உள்ளன:

1. என்ன செய்தீர்கள்?
2. என்ன நிகழும் என்று எதிர்பார்த்தீர்கள்?
3. என்ன நிகழ்ந்தது? (எண்களையும் திரையில் கண்ட சொற்களையும் அப்படியே எழுதவும்.)
4. சரிசெய்ய இதுவரை என்னென்ன முயன்றீர்கள்?

தாளின் பின்புறம் தொண்டருக்கு உரியது. விடை சொல்லுமுன் தாம் கேட்ட ஒரு கேள்வியையேனும் அவர் அதில் எழுத வேண்டும். எழுதவில்லையென்றால், அவரும் அளவெடுக்காமல் விடை சொல்லியிருக்கிறார் என்று பொருள்.

வாசகர்களே, என் முடிவு இதுதான். டாத்தத்தின் கட்டுரையைக் கணிப்பொறி கற்கும் ஒவ்வொருவரும் படிக்க வேண்டும். ஆங்கிலம் தடையாக இருந்தால், தெரிந்தவர் ஒருவர் உடனிருந்து தமிழில் விளக்கட்டும். ஒரு மாலைப் பொழுது போதும். ரேமண்டின் கட்டுரையைத் தொண்டர்கள் படிக்கட்டும். அதுவும் கடைசிப் பகுதியிலிருந்து தொடங்கிப் படிக்கட்டும். நன்றாகக் கேட்பது ஒரு கலை என்று இரண்டும் கூறுகின்றன. அந்தக் கலையைக் கற்றுக்கொண்ட பிறகுதான் வரவேண்டும் என்று வாயிலிலேயே நிறுத்திவிட்டால், அதைக் கற்க இடம் ஏது?

பாட்டரி வாங்கிச் சென்ற அந்த மாணவர் இதைப் படிக்க நேர்ந்தால், அவருக்கு ஒரு வார்த்தை: உங்கள் கணிப்பொறியில் பழுது எதுவும் இல்லை, தம்பி. ஒரு ஞாயிற்றுக்கிழமை வாருங்கள்.