விகுதியில் நிற்பவன் யார்?

உண்மை அறியும் குழு ஒன்றின் ஆங்கில அறிக்கையைத் தமிழாக்கிக்கொண்டிருந்தேன். மூன்றாம் பக்கத்தில் ‘அன்ஃபேர்லி’ வந்தது. பெண் தொழிலாளர்கள் ‘நியாயமற்ற முறையில் நடத்தப்பட்டனர்’ என்று எழுதிவிட்டுப் போயிருக்கலாம். கை ஓடவில்லை.

‘ஃபேர்’ என்பதற்குப் பழைய பொருள் அழகு. நேர்மை பிறகு வந்தது. வெளுத்த தோலும் பிறகு வந்ததுதான். நம்மூர்க் கல்யாண விளம்பரத்து ‘ஃபேர்’ எது என்று நமக்குத் தெரியும். விளையாட்டு மைதானத்திலும் இதே சொல்தான். விதியை மீறினால் ‘அன்ஃபேர்’. அதாவது ஆட்டம் சரி, ஆடிய விதம்தான் தப்பு. வினையடையின் அரசியலே இதுதான்: வினையை விட்டுவிட்டு விதத்தைக் குற்றம் சொல்வது. தொழில் தகராறுகள் சட்டத்தில் 1982ஆம் ஆண்டுத் திருத்தம் சேர்த்த ஐந்தாம் அட்டவணை, முதலாளியின் ‘அன்ஃபேர்’ காரியங்களையும் தொழிலாளியின் ‘அன்ஃபேர்’ காரியங்களையும் அடுத்தடுத்துப் பட்டியலிட்டது. சங்கங்களுக்கு அது ஒரு பிடியாக இருந்ததை மறுக்கவில்லை. ஆனால் கூலி கொடுப்பவனும் வாங்குபவனும் சமபலத்தோடு களமிறங்கிய இரண்டு அணிகள் என்ற பாவனை அந்தச் சொல்லுக்குள்ளேயே இருக்கிறது.

வேலை போனவள் எப்படிச் சொல்கிறாள்? ‘அநியாயமா வேலையை விட்டுத் தூக்கிட்டான்.’ ‘அநியாயம்’ தேய்ந்த சொல்தான். கத்தரிக்காய் விலைக்கும் அதுதான். ‘அநியாயத்துக்கு நல்லவன்’ என்றுகூடச் சொல்கிறோம். ஆனால் அவள் வாக்கியத்தின் கடைசியைப் பாருங்கள். எழுவாய் வெளியே இல்லை. இருந்தும் ‘ஆன்’ விகுதி செய்தவனைக் கைநீட்டிக் காட்டுகிறது. என் தமிழாக்கத்தில் என்ன ஆயிற்று? ‘நடத்தப்பட்டனர்.’ விகுதி இப்போது பாதிக்கப்பட்டவர்களைக் காட்டுகிறது. செய்தவன் வாக்கியத்தை விட்டே நழுவிவிட்டான். தப்பவிட்டது நாம்தான்.

‘படு’ நம்மிடம் பழசுதான். செய்தவன் யாரென்று தெரியாத இடத்தில் அதற்கு வேலையும் உண்டு. இங்கே அப்படியில்லை; ஆள் யாரென்று அறிக்கையின் இரண்டாம் பக்கத்திலேயே இருக்கிறது. நம் துண்டறிக்கைகளை ஒருமுறை எடுத்துப் பாருங்கள். ‘தாக்கப்பட்டனர்’, ‘இழிவுபடுத்தப்பட்டனர்’, ‘வெளியேற்றப்பட்டனர்’. எதிரியின் பெயரைச் சொல்லவந்த நாமே இலக்கணத்தில் அவனுக்கு ஜாமீன் கொடுத்திருக்கிறோம்.

கடைசியில் இப்படி எழுதினேன்: ‘சங்கத்தில் சேர்ந்த பதினொரு பெண்களை மேலாளர் வேலையைவிட்டு நீக்கினார். காரணம் சொல்லவில்லை.’

‘அன்ஃபேர்லி’க்குத் தமிழ்ச் சொல் தேவைப்படவில்லை.