தேம்பாவணியில் தனிவழிபாடு

தேம்பாவணி வகுப்பில், நெய்வேலிச் சுரங்கத் தொழிலாளி ஒருவரின் மகனாகிய முதுகலை மாணாக்கர், "காப்பியத் தலைவனாகிய வளன் செய்த அருஞ்செயல் யாது?" என எம்மை வினவினார். வினா தகுதியுடையதே. வளன் எனப்படும் சூசையப்பர் கூறியதாக நற்செய்தி நூல்கள் நான்கினும் ஒரு சொல்லும் இல்லை. அத்தகைய ஒருவரை வீரமாமுனிவர் 1726-இல் முடித்த 3615 பாடற் பெருங்காப்பியத்தின் தலைவராக்கியது பொருந்துமோ என்பதை ஈண்டு ஆராய்வோம்.

இகலும் வென்றியும் காப்பிய உறுப்புகளாகத் தண்டியலங்காரத்தில் எண்ணப்பெறும். முனிவர் அவற்றைக் கைவிட்டிலர். பழைய ஏற்பாட்டு வரலாறுகளைக் கிளைக்கதைகளாக்கி அவற்றுள் அமைத்தார். வாளேந்திப் பொருவோர் கிளைக்கதை மாந்தரே. வளனுக்கு எஞ்சியது அகவாழ்வு ஒன்றே.

அவ்வகவாழ்வு நிகழும் இடம் யாது? இளமையில் காடு சென்று தவம்புரிய விழைந்த வளனை வானவன் தடுத்து, ஊரிடை வாழ்ந்தே அறம் புரியுமாறு அறிவுறுத்துகின்றான். பின்னர் ஈரறம் பொருத்து படலத்தில் இல்லறமும் துறவறமும் ஒரே மனையில் இணைகின்றன. எசுப்பானியத் துறவி ஆகிரத மரியாளின் நூல் முனிவர்க்கு மூலமாயிற்று என்பர். எனினும் இக்கருத்தினை 'ஈரறம்' எனத் தமிழ் அறநூல் மரபிற் பெயரிட்டு, வள்ளுவர் போற்றிய இல்வாழ்க்கையோடு இயையச் செய்தது முனிவரின் தனித்திறன். தச்சன் மனையே தவச்சாலையாயிற்று.

குறையும் உண்டு. தலைவன் தனித்திருந்து இறைவனை வேண்டும் இடங்களிலும் அணிகள் மிகுதலின், அகத்தின் அமைதி சிலபோது மறைந்துவிடுகின்றது. இதனை மறுத்தற்கில்லை.

முனிவர் கோணான்குப்பத்தில் எழுப்பிய பெரியநாயகி அன்னை ஆலயம் நெய்வேலி அடங்கிய கடலூர் மாவட்டத்திலேயே உள்ளது. திருத்தந்தை பன்னிரண்டாம் பயஸ் 1955-இல் மே 1-ஆம் நாளைத் தொழிலாளரான சூசையப்பர் திருநாளாக்கினார். அடுத்த ஆண்டிலேயே நெய்வேலிப் பழுப்பு நிலக்கரி நிறுவனம் தோன்றியது. இரவு ஷிப்டு முடிந்து குடியிருப்பிற்கு மீளும் தொழிலாளி, வீட்டார் துயிலெழுமுன் ஒரு மூலையில் மண்டியிட்டுச் செபிப்பாராயின், அவர்க்குக் கோயில் மணியுமில்லை, கூட்டமுமில்லை; கண்டு போற்றுவாரும் இல்லை. காண்பாரற்ற அவ்வழிபாடும் காப்பியப் பொருளாகும் பெருமையுடைத்து என நிறுவியதே தேம்பாவணியின் சிறப்பு. வளன் செய்த அருஞ்செயல் அதுவே என அம்மாணாக்கர்க்கு விடை கூறுகின்றோம்.