யோபுவின் நண்பர்கள் லிஸ்பனில்

1755 நவம்பர் 1, சகல புனிதர் திருநாள். லிஸ்பன் கோயில்களில் காலைப் பூசைக்குக் கூட்டம் நிறைந்திருந்த நேரத்தில் நிலம் குலுங்கியது. கூரைகள் சரிந்து விழுந்தன. பீடங்களில் எரிந்த மெழுகுவர்த்திகளும் வீட்டு அடுப்புகளும் நகரைக் கொளுத்தின. தப்பி ஆற்றங்கரைக்கு ஓடியவர்களைக் கடல் வாரிக்கொண்டது. மாண்டவர்கள் பல்லாயிரம் பேர். கடவுள் நல்லவர், எல்லாம் வல்லவர் என்றால் இது ஏன்? இந்தப் பழைய கேள்விக்குக் கிறித்தவ இறையியல் சேர்த்து வைத்திருக்கும் பதில்களுக்குத் தவறான விளக்கங்களை மறுக்கும் பலம் உண்டு. தாமே காரணம் சொல்லப் புறப்படும்போதுதான் அவை தடுமாறுகின்றன.

தீமை தனிப்பொருள் அல்ல, நன்மையின் குறைவுதான் என்றார் புனித அகுஸ்தீன். ஒளிக்கு எதிராக இருளையும் ஓர் ஆதி சக்தியாக வைத்து, உடலையும் மண்ணையும் இழிவாகக் கண்ட மானி மதத்துக்கு அது உறுதியான மறுப்பு. 20-ஆம் நூற்றாண்டில் ஆல்வின் பிளான்டிங்கா, மனிதனின் சுயவிருப்பத்தைக் கொண்டு, கடவுளும் தீமையும் ஒருங்கே இருப்பதில் தர்க்க முரண் இல்லை என்று வாதிட்டார். கொலைக்கும் போருக்கும் இது பொருந்தும்; நிலநடுக்கம் எந்த மனிதனின் விருப்பம்? கெட்ட ஆவிகளின் செயலாக இருக்கக்கூடும் என்று ஒரு சாத்தியத்தை மட்டும் அவர் காட்டுகிறார். தர்க்கத்துக்கு அது போதும். இடிபாட்டில் பிள்ளையைத் தேடுபவளுக்குப் போதாது. ஆன்மா பக்குவப்படத்தான் துன்பம் என்ற ஜான் ஹிக்கின் 1966-ஆம் ஆண்டு வாதமும் அந்தப் பிள்ளையிடம் வந்துதான் முட்டிக்கொள்கிறது. பக்குவப்பட அதற்கு நாள் ஏது? மறுமையில் தொடரும் என்கிறார் ஹிக். விசுவாசிக்கு அது நம்பிக்கை. விளக்கம் கேட்டவனுக்கு வாய்தா.

லிஸ்பனில் காரணம் சொல்ல முன்வந்தவர் சேசு சபைக் குரு கபிரியேல் மலகிரிதா. 1756-இல் வெளியிட்ட சிறுநூலில், பேரழிவுக்கு இயற்கை காரணமல்ல, மக்களின் பாவமே காரணம் என்று எழுதித் தவத்துக்கு அழைத்தார். நகரை எழுப்பிக்கொண்டிருந்த அமைச்சர் பொம்பாலுக்கு அது முட்டுக்கட்டை. குருவை நகரைவிட்டே அனுப்பினார். அமைச்சர் பங்குக் குருக்களுக்கு அனுப்பிய வினாத்தாள் வேறு மாதிரி இருந்தது: அதிர்ச்சி எவ்வளவு நேரம் நீடித்தது, கடல் எப்படி நடந்துகொண்டது, எத்தனை பேர் செத்தார்கள். மலகிரிதாவை மறுக்க நாத்திகம் தேவையில்லை, வேதாகமமே போதும். சீலோவாம் கோபுரம் விழுந்து இறந்த 18 பேர் மற்றவர்களைவிடப் பெரிய பாவிகள் அல்லர் என்று லூக்கா நற்செய்தியில் இயேசுவே சொல்கிறார். யோபு நூலின் முடிவில் கடவுளின் கோபம், புலம்பிய யோபுவின் மேல் அல்ல, அவர் துன்பத்துக்குக் காரணம் கற்பித்த நண்பர்கள் மேல்தான் விழுகிறது.

அப்படியானால் விளக்கமே வேண்டாம், சிலுவையில் கடவுளும் நம்மோடு துன்புறுகிறார் என்பதே போதும் எனலாம். யூர்கன் மோல்ட்மன் அந்த வழியில் போனவர். ஆறுதலாக அதைவிடப் பெரிதாக எதுவும் இந்த மரபில் இல்லை. ஆனால் சிந்திப்பவர்கள் விலகிக்கொண்டால் மேடை காலியாக இருக்காது, மலகிரிதாக்கள் ஏறிக்கொள்வார்கள். சில சமயம் அவர்கள் கோபமாகக்கூடப் பேசுவதில்லை. 2004 டிசம்பர் 26 அன்று, கிறிஸ்துமஸுக்கு வேளாங்கண்ணி வந்திருந்த திருப்பயணிகள் பலர் கடற்கரையில் சுனாமிக்கு இரையாகி மாண்டார்கள். பேராலயத்துக்குள் தண்ணீர் வராததை மாதாவின் புதுமை என்று பலர் சொன்னார்கள். உயிர் பிழைத்தவர் நன்றியாக அதைச் சொன்னால் யாரும் குறுக்கே பேச வேண்டியதில்லை. அதையே காரணமாக ஒரு பிரசங்கத்தில் வைக்கும்போது, அதே மாதாவைப் பார்க்க வந்து மணலில் இறந்தவர்களை அவள் ஏன் விட்டுவிட்டாள் என்பதற்கும் அந்தப் பிரசங்கி பதில் சொல்லியாக வேண்டும்.