மூன்றாவது படம்

புரொஜெக்டரால் கறுப்பை வீச முடியாது. அதற்கு வீசத் தெரிந்தது வெளிச்சம் ஒன்றுதான். கறுப்பு வேண்டிய இடத்தில் அது சும்மா இருக்கும். அங்கே நாம் பார்ப்பது திரையின் சொந்த வெள்ளையை, மண்டபத்து டியூப்லைட் அதன்மேல் தெளித்த வெளிச்சத்தோடு. ரிசப்ஷனில் மணப்பெண்ணின் கூந்தல் சாம்பல் பூத்துத் தெரிந்தால் போட்டோ எடுத்தவரைத் திட்டிப் பயனில்லை. திரைக்கு மேலே எரியும் இரண்டு விளக்கை அணைக்கச் சொல்ல யாருக்கும் தோன்றவில்லை, அவ்வளவுதான்.

அத்திபெலேயில் இந்த ஸ்லைடு ஷோக் கலையைப் பார்க்க வாய்ப்பு அதிகம். ஆனேக்கல் தாலுகாவின் இந்த ஓரத்தில்தான் 44ஆம் எண் தேசிய நெடுஞ்சாலை கர்நாடகத்தை விட்டு ஓசூர்ப் பக்கம் இறங்குகிறது. தமிழும் கன்னடமும் தெலுங்கும் ஒரே பந்தியில் சாம்பார் கேட்கும். பெண் வீடு ஒரு மாநிலம், பிள்ளை வீடு இன்னொரு மாநிலம் என்றால் இரு தரப்புக்கும் தோதாக இங்கே மண்டபம் பிடித்துவிடலாம். சாயங்காலம் மேடைக்குப் பக்கத்தில் வெள்ளைத் திரை இறங்கும். மொய்க் கவரோடு வரிசையில் நிற்பவர்களுக்கு அதுதான் பொழுதுபோக்கு. அதில் வழக்கமாக ஓடுவதைச் சகித்துக்கொள்ளப் பழகிவிட்டேன்: இதயத்துக்குள் முகம், உதிரும் ரோஜா இதழ், கனசதுரமாகிச் சுழன்று மறையும் தாத்தா. எப்போதாவது ஒன்று அமைந்துவிடும். அன்றைக்கு வரிசை நகராது. பின்னால் நிற்பவரும் முண்டியடிக்க மாட்டார்.

அப்படி அமைந்த ஒன்றில் பாட்டியின் கறுப்பு வெள்ளைப் படம் வந்தது. பழைய ஸ்டூடியோ படம், பின்னால் வரைந்த தூணும் திரைச்சீலையும். அடுத்து மணப்பெண், வண்ணத்தில். ஒன்று கரைய மற்றொன்று எழுந்தது. இதை எந்த மென்பொருளும் ஒரு சொடுக்கில் செய்துவிடும். ஆனால் இதைச் செய்த ஸ்டூடியோக்காரர் இரண்டு முகங்களின் கண்களும் திரையில் ஒரே உயரத்தில், ஒரே இடைவெளியில் விழும்படி படங்களைப் பெரிதாக்கி, நகர்த்தி, இம்மியளவு சாய்த்தும் வைத்திருந்தார். கரைகிற இரண்டு விநாடிக்கு நடுவே பாட்டியும் அல்லாத, பேத்தியும் அல்லாத ஒரு முகம் திரையில் நின்றது. சாம்பல் கன்னத்தில் நிறம் ஊறிக்கொண்டிருந்தது. மூக்குத்தி மட்டும் இடம் மாறவில்லை.

இரண்டு பேருக்கும் வலப்பக்க மூக்குத்தி என்பது அவருடைய அதிர்ஷ்டம். பக்கம் மாறியிருந்தால் ஒரு படத்தை இடம் வலமாகத் திருப்பிப் போட்டிருக்கலாமே என்று கேட்கலாம். திருப்பினால் முந்தானை வலத்தோளுக்குப் போய்விடும். பெண்கள் வரிசை அரை விநாடியில் கண்டுபிடித்துவிடும்.

இப்படி நடுவிலே தோன்றுவதை மூன்றாவது படம் என்பார்கள், ஒலி–ஒளிக் காட்சி செய்கிறவர்கள். யாரும் எடுக்காத படம் அது. எந்த ஆல்பத்திலும் ஒட்ட முடியாது. ஸ்லைடு ஷோவை ஒரு தனிக் கலை என்று நான் மதிப்பது இதற்காகத்தான். நல்ல படங்களை வரிசையாகக் காட்டுவது ஆல்பத்தின் வேலை. படத்துக்கும் படத்துக்கும் நடுவில் என்ன நடக்கிறது என்பதுதான் திரைக்கே உரிய விஷயம்.

ஃபிலிம் ஸ்லைடுக் காலத்தில் இந்த இரண்டு விநாடிக்கு இரண்டு புரொஜெக்டர் வேண்டும். ஒன்றின் விளக்கு மங்கும்போதே மற்றதின் விளக்கைக் கூட்டுகிற கருவி தனியே வேண்டும். பெங்களூரில் இதை ரசிக்கத் தெரிந்த கூட்டம் அப்போதே இருந்தது. மைசூர் போட்டோகிராபிக் சொசைட்டி 1932இல் தொடங்கியது, யூத் போட்டோகிராபிக் சொசைட்டி 1971இல். தஞ்சாவூரில் பிறந்து, பெங்களூரில் வாழ்ந்து, 2017இல் மறைந்த காட்டுயிர்ப் படக்கலைஞர் டி.என்.ஏ. பெருமாள் அந்த ஊரின் மரபில் பெரிய பெயர். அந்தத் தலைமுறைக்கு ஸ்லைடு என்றால் எடுத்தது எடுத்ததுதான். 24க்கு 36 மில்லிமீட்டர் ஃபிலிம், அட்டைச் சட்டத்துக்குள் அப்படியே திரைக்குப் போகும். அரை ஸ்டாப் வெளிச்சம் கூடினாலே வெளிர்நிறங்கள் வெளுக்கத் தொடங்கும். பிரிண்ட் போடும்போது சரிசெய்துகொள்ளலாம் என்ற பேச்சுக்கே இடமில்லை.

அவர்களுக்கு இன்னொரு கட்டுப்பாடும் இருந்தது, அதை நான் வரம் என்பேன். 1961இல் வந்த கோடக் கரூசல் புரொஜெக்டரின் வட்டத் தட்டில் வழக்கமாக 80 ஸ்லைடுதான் பிடிக்கும். (அந்த இயந்திரங்களைச் செய்வதை கோடக் 2004இல் நிறுத்திவிட்டது.) ஒரு படத்துக்கு ஆறு விநாடி என்றால் 80 படத்துக்கு எட்டு நிமிடம். மனிதர்கள் பொறுமையாகப் பார்க்கும் நேரமும் ஏறக்குறைய அதுதான். இன்றைக்குக் கல்யாண வீட்டார் பெண்டிரைவில் அறுநூறு படம் கொண்டுவந்து, எல்லாமே வரணும் என்பார்கள். மாமா முகம் விட்டுப்போனால் குடும்பத்தில் சண்டை. மாமாவைக் குழுப்படத்தில் சேர்த்துக் காப்பாற்றிவிட்டு மற்றவற்றை வெட்டத் தெரிந்தவரே தேர்ந்த கைக்காரர்.

படங்களை நகர்த்துகிற வியாதி தனி. தேவை இருக்கிறதோ இல்லையோ, ஒவ்வொரு படத்தையும் மெல்ல நெருங்கி, மெல்ல விலகி, பக்கவாட்டில் இழுத்து... மென்பொருளில் அது தானாகவே நடக்கும்படி வைத்திருக்கிறார்கள், நிறுத்தத்தான் மெனக்கெட வேண்டும். கிறிஸ் மார்க்கர் 1962இல் எடுத்த ‘லா ஜெத்தே’ 28 நிமிடப் படம். முழுக்க நிழற்படங்களால் ஆனது. ஒரே ஒரு இடத்தில், படுத்திருக்கும் பெண் கண் திறக்கும்போது மட்டும், படம் நிஜமாக அசைகிறது. மற்றதெல்லாம் அசையாமல் இருந்ததால்தான் அந்த ஒரு இமை அசைவு உடம்பைச் சிலிர்க்கவைக்கிறது.

நிறத்துக்கு வருவோம். நம் கல்யாணங்களுக்கு என்றே புரொஜெக்டர்கள் ஒரு சதி வைத்திருக்கின்றன. விலை குறைந்த டி.எல்.பி. புரொஜெக்டர்களில் ஒரு நிறச்சக்கரம் சுழலும். சிவப்பு, பச்சை, நீலத்தோடு, பிரகாசம் கூட வேண்டும் என்று நிறமில்லாத ஒரு துண்டையும் பல மாடல்களில் சேர்த்திருப்பார்கள். வெள்ளைக்கு அந்தத் துண்டு கைகொடுக்கும், மஞ்சளுக்குக் கொடுக்காது. அதனால் மாப்பிள்ளையின் வேட்டி பளீரென்றிருக்க, பக்கத்தில் தாலிக்கயிறு கடுகு அரைத்த நிறத்துக்குப் போய்விடும். ஜரிகை பாசி பிடித்தாற்போல் தெரியும். பிரைட் மோடை விட்டு சினிமா மோடுக்கு வந்தால் வெளிச்சம் குறையும், மஞ்சள் மஞ்சளாகும். மூன்று எல்.சி.டி. சில்லு வைத்த புரொஜெக்டர் கிடைத்தால் இன்னும் நல்லது, அதில் சக்கரமே கிடையாது.

அரக்குப் பட்டுக்கு வேறு ஆபத்து. படங்களை வீடியோ கோப்பாக மாற்றும்போது வெளிச்ச விவரம் முழுசாகவும், நிற விவரம் அதில் நாலில் ஒரு பங்காகவும்தான் வழக்கமாகச் சேமிக்கப்படும். சிவப்பில் ஓடும் மெல்லிய ஜரிகைக் கட்டம் அதில் கசிந்து குழம்பும். முடிந்தால் வீடியோவாக்காமல் கணினியிலிருந்து படங்களையே நேராக ஓட்டுவது மேல்.

கூர்மை பற்றிய கவலைதான் பலருக்குப் பெரிது, எனக்கு அது சின்னது. 1,920க்கு 1,080 புள்ளி கொண்ட புரொஜெக்டரில் மொத்தம் சுமார் 21 லட்சம் புள்ளிகள். 24 மெகாபிக்சல் கேமராப் படத்தில் ஏறத்தாழ பன்னிரண்டில் ஒரு பங்குதான் திரைக்குப் போகிறது. பழைய இரண்டு மெகாபிக்சல் போன் படமே, 1,600க்கு 1,200, திரையின் உயரத்தை நிரப்பிவிடும். படத்தை நாமே 1,080 உயரத்துக்குச் சுருக்கி, அதன் பிறகு கொஞ்சம் கூர்மை ஏற்றினால் போதும். நிமிர்ந்த படத்துக்கு இரு பக்கமும் கறுப்பை விட்டுவிட வேண்டும். அதே படத்தை மங்கலாக்கிப் பக்கவாட்டில் நிரப்புவதை நான் மன்னிப்பதில்லை. சிவந்துபோன எண்பதுகளின் பிரிண்டில் சயான் சாயம்தான் முதலில் போயிருக்கும், அதைக் கொஞ்சம் மீட்கலாம். முழுக்கப் புதிதாக்கிவிட்டால் அது அப்பா அம்மா கல்யாணமாகவே தெரியாது.

இப்போது மண்டபங்களில் எல்.இ.டி. வால் வந்துவிட்டது. அதற்குக் கறுப்பு தெரியும். விளக்கு எரிந்தாலும் கூந்தல் கூந்தலாகவே இருக்கும். ஆனால் மூன்று மில்லிமீட்டருக்கு ஒரு புள்ளி என்று வைத்தாலும் 12 அடி அகலத்தில் 1,200 புள்ளிதான் வருகிறது. பக்கத்தில் மொய் வரிசையில் நிற்பவருக்கு மணப்பெண்ணின் கன்னத்தில் புள்ளி புள்ளியாகத் தெரியும். ‘ஃபோர் கே சார்’ என்கிறார்கள் வாடகைக்கு விடுபவர்கள். விளக்கை அணைக்கச் சம்மதிக்கும் மண்டபம் கிடைத்தால் இன்றைக்கும் நான் புரொஜெக்டரைத்தான் கேட்பேன்.