கொடக்கன்பிள்ளை வழக்குத் தீர்ப்பு: ஒரு மதிப்பீடு

ஒரு சமூகத்தார்க்கு மாத்திரம் இடையூறு விளைக்கும் சட்டத்தைப் பாராளுமன்றம் இயற்றலாகாது எனச் சோல்பரி யாப்பின் 29ஆம் பிரிவு தடுத்திருந்தது. அத்தடையின் வலிமையை அளந்து காட்டியது கொடக்கன்பிள்ளை வழக்காகும். 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டமும், பிரசைகளே வாக்காளராகலாம் என்ற 1949ஆம் ஆண்டின் 48ஆம் இலக்கத் தேர்தல் திருத்தச் சட்டமும் சேர்ந்து மலைநாட்டுத் தோட்டத் தொழிலாளரிற் பெரும்பாலாரின் வாக்குரிமையைப் போக்கின. றுவான்வெல்லைத் தொகுதி இடாப்பிலே தம் பெயரைச் சேர்க்குமாறு கொடக்கன்பிள்ளை வேண்டினார். இடாப்பைத் திருத்தும் அலுவலர் அவர் பக்கம் தீர்த்தார். 1951இல் உயர் நீதிமன்றம் அதனை நீக்கிற்று. 1953இல் இலண்டன் கோமறைக் கழகமும் அந்நீக்கத்தை உறுதிசெய்தது.

சட்டத்தின் சொல் தெளிவாயிருக்கும்போது அதன் விளைவை ஆராய்தல் வேண்டா என்பது உயர் நீதிமன்றத்தின் கருத்து. சட்டத்தில் எச்சமூகத்தின் பெயரும் இல்லை. ஆதலின் குற்றமும் இல்லை. கோமறைக் கழகம் இவ்வளவில் நிற்கவில்லை. நேராகச் செய்யலாகாததை மறைமுகமாகச் செய்யும் சட்டமும் ஆராயப்படலாம் என அது ஒப்புக்கொண்டது. இது பெரிதும் பாராட்டற்பாலது. ஆயின், தான் திறந்த கதவினுள் அது எத்துணைத் தூரம் சென்றது?

தன் பிரசைகள் யாவர் எனத் தீர்மானித்தல் அரசுக்கு இயல்பான உரிமை என்றது. இதனை யாம் மறுக்கவில்லை. வந்துபோகும் வழக்கம் பிரசையாதற்குரிய தகுதியைப் பற்றியதேயன்றிச் சமூகத்தைப் பற்றியதன்று என்றது. அவ்வழக்கத்தை வளர்த்தது தோட்டத்து ஆட்சேர்ப்பு முறையன்றோ? இந்திய, பாகிஸ்தானிய வதிவோர் சட்டப்படி விண்ணப்பித்துப் பிரசையாகலாமாதலின், நிலையாக ஒதுக்கும் நோக்கம் இல்லை என்றும் கூறிற்று. தீர்ப்பின் அச்சாணி இவ்வாதமே. அதன் நலிவும் இதுவே. வழியுண்டு எனக் கண்ட நீதிபதிகள், அவ்வழியே நடத்தல் இயலுமோ என வினவினாரல்லர். விவாகமாகாதவர் பத்தாண்டும் விவாகமானவர் ஏழாண்டும் இடையறாது வதிந்தமையைக் காட்டல் வேண்டும். லயத்தறையில் வாழ்ந்த தொழிலாளி எப்பத்திரத்தைக் காட்டுவான்? இங்கே பிறந்தவன் பரம்பரைப் பிரசையாதற்கோ, தந்தையாவது, தந்தைவழிப் பாட்டனும் பூட்டனுமாவது இலங்கையிற் பிறந்திருத்தல் வேண்டும். ஏனைய இலங்கையரும் இதே விதிக்கு உட்பட்டவரே. ஆயின் அவரிடம் எவரும் பூட்டனின் பிறப்பைக் கேட்டிலர்.

விண்ணப்பித்தோர் ஏறத்தாழ 8 இலட்சம் பேர். பிரசாவுரிமை பெற்றோர் ஏறத்தாழ 134,000 பேர். 1964ஆம் ஆண்டின் சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தம் நாடற்றோரை 975,000 பேர் எனக் கொண்டது. பின்வந்த இவ்வெண்களை நீதிபதிகள்மேற் சுமத்துதல் முறையன்று. எனினும் 1947இல் மலைநாட்டினின்று இலங்கை இந்தியர் காங்கிரஸ் உறுப்பினர் பலர் பாராளுமன்றம் புகுந்தனர். 1952இல் ஒருவரும் புகுந்திலர். தீர்ப்பு உரைக்கப்பட்டது அதற்கு அடுத்த ஆண்டிலேயாம்.

29ஆம் பிரிவு 1972இல் பழைய யாப்போடு மறைந்தது. எஞ்சிய நாடற்றோர்க்குப் பிரசாவுரிமை நல்கியது 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டம். அது பாராளுமன்றத்தின் செயல், எந்த நீதிமன்றத்தின் செயலுமன்று.