ஓடு பொறுக்கும் மரபு

பழங்கடலின் வெப்பத்தை நுண்ணுயிர் ஓடுகளிலிருந்து கணிக்கும் மரபுகளைப் பற்றி நம் சங்க மலருக்கு எழுதித் தருமாறு தலைவர் ஐயா பணித்தார். அரியமங்கலத்துக்காரனுக்கு, வடக்கே தொல்லுயிர்ப் படிவங்கள் கிடைக்கும் ஊட்டத்தூரும் காரையும் இருக்க, இதைவிட உவப்பான வேலை ஏது? இப்பகுதிப் பாறைகளையும் தொல்லுயிர்களையும் ஆராய்ந்த பிளான்ஃபோர்டும் ஸ்டோலிச்காவும் இம்மண்ணுக்குச் செய்ததை உறுப்பினர்கள் அறிவார்கள்.

ஓட்டின் ஆக்சிஜன் ஐசோடோப்புகளில் வெப்பம் பதியும் என்று யூரே 1947இல் போட்ட விதை 1955இல் எமிலியானியிடம் விளைந்தது. ஆக்சிஜன் ஐசோடோப்பு மாற்றத்தில் பெரும்பங்கை அவர் வெப்பத்தின் கணக்கில் எழுதினார். அது பெரும்பாலும் பனிப்படலங்களின் கணக்கு என்று 1967இல் ஷேக்கிள்டன் திருத்தினார். இம்ப்ரியும் கிப்பும் 1971இல் இனங்களை எண்ணியே வெப்பத்தைச் சொன்னார்கள். ஓட்டில் இருக்கும் மக்னீசியம்-கால்சியம் விகிதத்தை அளப்பவர்கள் பிறகு வந்தவர்கள். ஒரு டிகிரி ஏறினால் அவர்களுடைய விகிதம் ஏறத்தாழ 9 விழுக்காடு கூடும். பாசிகளின் கொழுப்பு மூலக்கூறுகளை அளக்கும் ஆல்கினோன்காரர்கள் ஓட்டைத் தொடுவதில்லை என்பதால் அவர்களை இங்கே விட்டுவிடுகிறேன்.

இந்த மூன்று மரபுக்கும் அடித்தளம் எங்கள் ஆசிரியர் காத்த ஓடு பொறுக்கும் மரபு. ஒவ்வொரு மாதிரிக்கும் முன்பு சல்லடையை மெத்திலீன் நீலத்தில் முக்கி எடுப்பார். பழைய மாதிரியின் ஓடு கண்ணிகளில் சிக்கியிருந்தால் நீலமாகக் காட்டிக்கொடுத்துவிடும். பிறகு நுனி நனைத்த பிரஷ்ஷால் 300 ஓடு. ஓட்டின் சுவர் தெளிந்திருக்கிறதா, மறுபடிகமாகி வெளுத்திருக்கிறதா என்று ஒவ்வொன்றையும் திருப்பிப் பார்க்கச் சொல்வார். வெளுத்த ஓடு கடலடிக் குளிரில் பூசிக்கொண்ட கால்சைட்டையும் சேர்த்துக் காட்டும். கிரெட்டேசியஸ் காலத்திலும் இயோசீனிலும் வெப்பமண்டலக் கடல் குளிர்ந்திருந்தது என்று பலர் நம்பியது அதனால்தான். தான்சானியக் களிமண்ணில் கெடாமல் கிடைத்த ஓடுகளைக் கொண்டு பியர்சன் குழுவினர் 2001இல்தான் அதை மாற்றினார்கள். ஆசிரியர் மாணவர்களிடம் கேட்டதெல்லாம் இந்தக் கவனத்தைத்தான்.

இன்றைய கட்டுரைகள் சிலவற்றில் (யாரையும் குறித்துச் சொல்லவில்லை, திறமைசாலிகள் பலர் இருக்கிறார்கள்) சல்லடை அளவே இல்லை, எத்தனை ஓடு என்பதும் இல்லை. குளோபிஜெரினாய்டிஸ் ரூபர் என்னும் இனத்தில் மேல்நீரில் வாழும் வடிவத்தையும் சற்று ஆழத்தில் வாழும் அதன் உறவையும் ஒன்றாகப் போட்டு நொறுக்கிவிட்டு, விடையை இரண்டு தசமத்தில் தருகிறார்கள். பொறுக்கிய கை தவறியிருந்தால் அந்தத் தசமம் எதற்கு? அந்த எண்ணை நம்பி ஒருவர் பழைய பருவமழையைக் கணிக்கிறார். அவரை நம்பி இன்னொருவர் நாளைய மழையைச் சொல்கிறார். ஒரு தலைமுறை மைக்ராஸ்கோப்பை விட்டு எழுந்தால் துறையே சாய்ந்துவிடும். சாயத் தொடங்கிவிட்டது என்றே அஞ்சுகிறேன்.

சங்கப் பெரியவர்களிடம் ஒரு விண்ணப்பம். ஆசிரியரின் ஸ்லைடுகளை ஈரம் படாத அலமாரிக்கு மாற்ற வேண்டும். வரும் ஆண்டுக் கூட்டத்தில் கட்டுரை வாசிக்க விரும்பும் மாணவர், முதலில் ஒரு மாதிரியைக் கழுவி, பொறுக்கி, மூத்தவர் ஒருவரிடம் காட்டி ஒப்புதல் பெற்று வரட்டும்.