கலங்கல் உயரம் தெரியாத கணினி

தண்டலத்தில் பெய்யும் மழை செம்பரம்பாக்கம் ஏரியை நோக்கி இறங்குகிறது. ஒரகடம் பக்கத்து ஏரிகள் நிரம்பினால் உபரிநீர் மணிமங்கலம், ஆதனூர் வழியாக அடையாற்றுக்குப் போகிறது. செம்பரம்பாக்கத்தில் திறந்துவிடும் நீரும் அதே ஆற்றில் திருநீர்மலை அருகே வந்து கலக்கிறது. சென்னையின் வெள்ளத்தில் ஒரு பங்கு இந்த ஸ்ரீபெரும்புதூர்த் தொழிற்பேட்டை மண்ணில்தான் பிறக்கிறது.

2015 டிசம்பர் 1 அன்று செம்பரம்பாக்கத்திலிருந்து விநாடிக்கு 29,000 கன அடி வரை திறந்தார்கள். ஊரே அந்த மதகைத்தான் குற்றம் சொன்னது. ஏரியை இயக்கிய முறையை மத்தியத் தணிக்கைத் துறையும் பின்னர் கண்டித்தது. ஆனால் 2016-இல் ஐ.ஐ.டி., இந்திய அறிவியல் கழக ஆய்வாளர்கள் கணினி மாதிரி கொண்டு கணக்கிட்டபோது, வெள்ளத்தைக் கட்டுப்படுத்தும் மதகு இல்லாத மற்ற ஏரிகள், ஓடைகளிலிருந்து வந்த நீரின் பங்கும் மிகப் பெரிது என்று தெரிந்தது. எந்த நீர் எங்கிருந்து வந்தது என்று பிரித்துக் காட்ட வேறு எளிய வழியில்லை. வெள்ள மாதிரியின் ஆகப் பெரிய பலமாக நான் கருதுவது இதைத்தான்.

2019-இல் சென்னைக்கென உருவான சி-ஃப்ளோஸ் எச்சரிக்கை முறையில், முன்கூட்டியே கணக்கிட்ட ஏறத்தாழ 800 வெள்ளச் சூழல்கள் சேமிப்பில் உள்ளன. மழை நேரத்தில் புதிதாகக் கணக்குப் போட்டுக் காத்திருக்க வேண்டாம், பொருந்துவதை எடுத்துக்கொள்ளலாம். நல்ல ஏற்பாடுதான். ஆனால் சேமித்த கணக்கு, அது போடப்பட்ட நாளின் நிலத்துக்கே உரியது. இருங்காட்டுக்கோட்டை முதல் வல்லம் வடகால் வரை நிலம் அப்படியே நிற்கவில்லை. நேற்று வயல், இன்று கான்கிரீட் தளம். மாதிரியில் ஒவ்வொரு நிலத்துக்கும் எவ்வளவு நீர் வழிந்தோடும் என்று ஓர் எண் உண்டு. அந்த எண் பழசானால் வெள்ளம் கணக்கைவிட முந்தி வந்துவிடும்.

இதைவிடப் பெரிய குறை தரைமட்டத்தில் இருக்கிறது. இலவசமாகக் கிடைக்கும் செயற்கைக்கோள் உயர வரைபடத்தில் ஒரு கட்டம் 30 மீட்டர். சில மீட்டர் அகலமுள்ள ஏரிக்கரை அதில் கரைந்துபோகும். சரிவு குறைந்த இந்தச் சீமையில் ஒரு மீட்டர் பிழை போதும், நீர் வேறு ஏரிக்குப் போவதாகக் காட்டிவிடும். ஏரியின் உபரிநீர் வழியும் கலங்கலின் உயரம், சாலைக்கடியில் செல்லும் குழாயின் விட்டம், அதில் பாதி அடைத்திருக்கும் மண் ஆகியவற்றை எந்தச் செயற்கைக்கோளும் அளப்பதில்லை. ஆள் போய் அளக்க வேண்டும்.

அளக்காவிட்டாலும் மாதிரி ஒரு விடை தரும் என்பதே ஆபத்து. ஆற்றுப்படுகையின் கரடுமுரடைக் குறிக்கும் எண்ணைச் சற்று மாற்றினால், கீழே நகரத்தில் பதிவான வெள்ள உயரத்தோடு கணக்கு அழகாகப் பொருந்திவிடும். மேலே தண்டலத்தில் அது முற்றிலும் தவறாக இருந்தாலும் யாருக்கும் தெரியாது; ஒப்பிட்டுப் பார்க்க அங்குள்ள ஓடைகளில் போதிய நீரளவிகள் வேண்டுமே! தொழிற்சாலை வடிகாலுக்குப் போடும் கணக்கும் பெரும்பாலும் அதன் மதில் சுவரோடு நின்றுவிடுகிறது. சுவரைத் தாண்டிய நீர் அடுத்த ஊரின் பாடாகிறது.

மாதிரியைக் கைவிடச் சொல்லவில்லை. நகரத்துக்கு மேலும் நுட்பமான மென்பொருள் வாங்கும் முன், ஸ்ரீபெரும்புதூர் வட்டத்தின் ஒவ்வொரு கலங்கலையும் சிறுபாலத்தையும் பருவமழைக்கு முன்பாக ஆண்டுதோறும் நீர்வளத்துறை அளக்கட்டும். வெள்ள வரைபடத்தை ஊராட்சி அலுவலகச் சுவரில் ஒட்டட்டும். எந்த வாய்க்கால் எங்கே தூர்ந்திருக்கிறது என்று அந்த ஊர்க்காரர்கள் வரைபடத்திலேயே திருத்தித் தருவார்கள்.